லைனில் நிற்கும் பையன்

ஆன் ஆர்பர், மிச்சிகன்

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. இங்கே எல்லாரும் சுகம். மேப்பிள் மரங்கள் சிவக்க ஆரம்பித்துவிட்டன.

கார்த்திக்கைப் பற்றி நீ எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில், எதிரிகளைத் தடுக்கும் 'லைன்' என்ற முன்வரிசை ஐந்து பேரில் ஒருவனாக, கார்டாக நிற்கிறான், பின்னால் நின்று பந்தை எறியும் குவார்ட்டர்பேக் நான்கு முறை அடிபட்டு விழுந்தான், பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் இவனைத் திட்டினார், இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "பந்தையே தொடாத இடத்தில் நின்று இவ்வளவு பேச்சு வாங்கவேண்டுமா?" என்று கேட்டிருந்தாய். டெக்சாஸ் வந்து ஒரு வருடத்தில் உனக்கு இந்த ஆட்டம் பிடிபட்டிருக்காது. எனக்கே அது புரிந்தது 2013இல், மிச்சிகன் பல்கலைக்கழக அணி பட்ட பாட்டைப் பார்த்துத்தான்.

அந்த அக்டோபரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். நான்கு ஓவர்டைம் போய் 43-40 என்று தோற்றார்கள். ரன்னிங் பேக் டூசெயின்ட் 27 முறை பந்தை எடுத்து ஓடினார். கிடைத்தது மொத்தம் 27 யார்டு. அதுவாவது பரவாயில்லை. மூன்று வாரம் கழித்து, இங்கேயே உள்ள இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டிடம் 29-6 என்று தோல்வி. அன்று பந்தோடு ஓடி எடுத்த ஓட்டக் கணக்கு மைனஸ் 48 யார்டு! கல்லூரி ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் பந்தோடு பின்னால் வீழ்த்தப்பட்டால், இழந்த தூரத்தை ஓட்டக் கணக்கில்தான் கழிப்பார்கள். அதனால் அந்த ஒரே எண்ணில் லைனின் இரண்டு தோல்விகளும் தெரியும்: ஓடுபவனுக்கு வழி திறக்கவில்லை, எறிபவனைக் காக்கவும் முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை நெப்ராஸ்காவுடன் சொந்த மைதானத்தில். நான் போயிருந்தேன். லட்சம் பேர் உட்காரும் இடம், நவம்பர் குளிர். அன்று ஓட்டக் கணக்கு மைனஸ் 21. குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னரை ஏழு முறை வீழ்த்தினார்கள், ஏழு முறையும் எழுந்து வந்தார். என்னைச் சுற்றி இருந்தவர்கள் அவரையும் டூசெயின்டையும்தான் திட்டினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அது தப்பு.

லைனின் இரண்டு ஓரத்திலும் டேக்கிளாக நின்றவர்கள் லூவனும் ஸ்கோஃபீல்டும். அடுத்த மே மாதமே இருவரையும் தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகள் எடுத்துக்கொண்டன, லூவனை அந்த வருடத் தேர்வில் பதினோராவது ஆளாக. அப்படிப்பட்ட இருவர் இருந்தும் அந்த நிலைமை. ஓட்டை நடுவில் இருந்தது. 2010, 2011இல், பயிற்சியாளர் மாறிய சமயத்தில், லைனுக்கு மிகக் குறைவாகவே ஆள் சேர்த்திருந்தார்கள். அதனால் மூன்றாம் நான்காம் ஆண்டு மாணவர்கள் நிற்கவேண்டிய இடத்தில் சின்னப் பையன்கள் நின்றார்கள், அதுவும் வாரத்துக்கு ஒருவராக மாறி மாறி. கிரஹாம் கிளாஸ்கோவை சீசன் நடுவில் கார்டிலிருந்து லைனின் நட்டநடு இடமான சென்டருக்கு மாற்றினார்கள்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பாய். ஓடுபவனுக்கு வழி திறக்கும் ரன் பிளாக்கிங்கில் உடம்பைத் தாழ்த்தி முன்னால் பாயவேண்டும். இரண்டு பேர் சேர்ந்து எதிரணியில் ஒருவனைத் தள்ளிவிட்டு, அதில் ஒருவன் சரியான நொடியில் பிரிந்து, அவனுக்குப் பின்னால் நிற்கும் எதிரணி லைன்பேக்கரைப் பிடிக்கவேண்டும். எறிபவனைக் காக்கும் பாஸ் பிளாக்கிங் நேர் எதிர். பின்னால் நகர்ந்துகொண்டே கையால் தடுத்து, பொறுமையாக இருக்கவேண்டும். அப்போது எதிரிகள் இருவர் குறுக்கே இடம் மாறி வருவார்கள். கார்டு தன் ஆளைப் பக்கத்து டேக்கிளிடம் விட்டுவிட்டு, அங்கிருந்து வருபவனை வாங்கிக்கொள்ள வேண்டும். பேசிக்கொள்ள நேரமில்லை, பக்கத்தில் நிற்பவனின் தோள் அசைவைப் பார்த்தே தெரியவேண்டும். தினமும் ஒன்றாக நின்று பழகாமல் அது வராது. ஒன்று சொதப்பினால் மற்றதும் சொதப்பும். இரண்டு முயற்சியில் ஓடி ஒரு யார்டும் எடுக்காமல், மூன்றாவது முயற்சியில் தேவையான பத்து யார்டும் பாக்கி என்றால், பாஸ்தான் வரப்போகிறது என்று எதிரணிக்கு நன்றாகத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு பாய்வார்கள்.

நம் ஊர்த் தேரோட்டம் ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் வடத்தையும் சாமியையும் பார்ப்பார்கள். நாம் மட்டும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் பின்னாலேயே ஓடுவோம். இப்போது டிவியில் ஆட்டம் பார்க்கும்போதும் பந்தை விட்டுவிட்டு அந்த ஐந்து பேரைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் ஒன்று. நெப்ராஸ்கா ஆட்டம் முடிந்து மூன்றே வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வந்தது. ஏறக்குறைய அதே பையன்கள்தான். கார்ட்னர் கால் காயத்தோடு 451 யார்டு எறிந்தார், அணி மொத்தம் 603 யார்டு எடுத்தது. கடைசி நிமிடத்தில் சமன் செய்யாமல் வெற்றிக்காக இரண்டு புள்ளிக்கு முயன்று, அது கைகூடாமல் 42-41 என்று தோற்றார்கள். மூன்று வாரத்தில் யாருக்கும் உடம்பில் பலம் கூடிவிடாது, செந்தில், சேர்ந்து நின்ற பழக்கம்தான் கூடியிருக்கும். இதைக் கார்த்திக்கிடம் சொல். உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்த அந்தக் கிளாஸ்கோ பின்னால் என்எஃப்எல்லில் டெட்ராயிட் லயன்ஸுக்கு ஆடினார் என்பதையும் சொல்.

அவன் எந்தப் பக்கம் நிற்கிறான், பக்கத்தில் நிற்கும் டேக்கிள் இந்த வருடம் புதிதாக வந்தவனா? அடுத்த ஆட்டத்தை மேலே உட்கார்ந்து வீடியோ எடுத்து அனுப்பு, பந்தின் பின்னால் கேமராவைத் திருப்பாமல். நாங்கள் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு அங்கே வருகிறோம். அதற்குள் அந்த டேக்கிள் பையனை ஒரு நாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடு, இருவரும் கொல்லையில் கொஞ்ச நேரம் சேர்ந்து பழகட்டும்.

அன்புடன்,
முரளி