களிம்புதானே என்று விட்டுவிடாதே

கும்பகோணம்

அன்புள்ள ராஜு,

கடிதம் கிடைத்தது. பேரன் படிப்பு, கோயம்புத்தூர் தண்ணீர், மருமகள் வாங்கிய கார் என்று பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, கடைசியில் பின்குறிப்பு போட்டு, ஆசனவாயில் வெடிப்பு, ரெண்டு மாதமாக ஒழுங்காக உட்கார முடியவில்லை, டாக்டர் கொடுத்த களிம்பைத் தலைவலியால் பாதியில் நிறுத்திவிட்டேன் என்று நாலு வரி. நீ மாறவே இல்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டதையும் உங்கப்பாவிடம் இப்படித்தான் கடைசியில் சொன்னாய்.

போன் போட்டால் ஸ்பீக்கரில் வைத்துவிடுவாய், வீடே கேட்கும். அதனால் நானும் எழுதவே உட்கார்ந்தேன். மெடிக்கல் கடையைப் பெரியவனிடம் விட்ட பிறகு காலையில் எனக்கு நிறைய நேரம் கிடக்கிறது. முப்பது வருஷம் கவுண்டருக்குப் பின்னால் நின்றதில், இந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரும் சத்தமாகக் கேட்டதே இல்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து, சீட்டை நாலாக மடித்து நீட்டுவார்கள்.

சரி, முதலில் ஒரு வேலை செய். போன வருஷம் ராத்திரியெல்லாம் பாத்ரூமுக்கு எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று புராஸ்டேட்டுக்கு டாக்டரைப் பார்த்தாயே, அவர் கொடுத்த மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடி போட்டுப் படி. அதில் 'டடாலஃபில்' என்ற பெயர் எங்காவது இருந்தால், அந்த ஆயின்ட்மென்டை மறுபடி தொடாமல், இன்றைக்கே அதை எழுதிக் கொடுத்த டாக்டருக்குத் தகவல் சொல். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தினமும் 5 மில்லிகிராம் என்று இதைக் கொடுப்பது சகஜம். பலருக்கு அது வயாகரா வகையைச் சேர்ந்தது என்றே தெரியாது. 'அந்த மாதிரி மாத்திரையெல்லாம் நான் சாப்பிடுவதில்லை' என்று டாக்டரிடம் சத்தியம் செய்துவிட்டு வருவார்கள். மாத்திரையை நீயாக நிறுத்திவிட்டு மறுநாள் களிம்பைத் தடவுகிறேன் என்றும் கிளம்பாதே. டடாலஃபில் ரெண்டு நாள் வரை உடம்பில் வேலை செய்யும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டர் சொல்லட்டும். உன் மேஜை டிராயரில் வேறு ஏதாவது இருந்தால், சில்டெனாஃபில் என்ற வயாகரா மருந்து உட்பட, அதற்கும் இதே பேச்சுதான். நான் விவரம் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் மட்டும் மறைக்காதே.

ஒரு களிம்புக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று நினைப்பாய். நம் ஊரில் மாத்திரை என்றால் ஒரு பயம் இருக்கிறது, ஊசி என்றால் இன்னும் பயம். களிம்பு என்றால் சேற்றுப்புண் மருந்து மாதிரி, வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தடவலாம் என்ற நினைப்பு. உன் டியூபில் இருப்பது நைட்ரோகிளிசரின். நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிறார்களே, அந்தக் குடும்பத்து மருந்து. தடவிய இடத்திலேயே நின்றுவிடாது. ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களைத் தளர்த்தும். டடாலஃபிலும் சேர்ந்தால் பிபி சரேலென்று இறங்கி ஆள் விழுந்துவிடுவான். உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்த இடத்துக்கு ஏன் இதயத்து மருந்து என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. மலம் கெட்டியாகி இறுகிப் போகும்போது ஆசனவாயின் உள்தோல் கிழிகிறது. பெரும்பாலும் பின்பக்கம் நடுவில், அங்கே ரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு. கிழிந்த வலியில் உள்ளே இருக்கும் சுருக்குத்தசை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அது நம் சொல்பேச்சு கேட்காத தசை. இறுகினால் ரத்தம் இன்னும் குறையும், ரத்தம் குறைந்தால் புண் ஆறாது. வலிக்குப் பயந்து நீ போவதைத் தள்ளிப் போடுவாய், மலம் இன்னும் கெட்டியாகும், மறுபடி கிழியும். களிம்பு அந்தத் தசையைத் தளர்த்திப் புண்ணுக்கு ரத்தம் போக வழிவிடுகிறது. புண்ணை ஆற்றுவது உன் உடம்புதான். அதனால்தான் ரெண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று நீ புலம்புவதில் நியாயமில்லை.

உன் சம்சாரம் இதை மூலச்சூடு என்று சொல்லி கோழிக்கறியை நிறுத்திவிட்டதாக எழுதியிருந்தாய். கோழியை நிறுத்தியதில் நஷ்டம் உனக்குத்தான், புண்ணுக்கு அதனால் ஒன்றுமில்லை. மூலம் வேறு, வெடிப்பு வேறு, பவுத்திரம் வேறு. மூணுக்கும் ஒரே சூரணம் என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் ஒட்டுகிறவனை நம்பாதே.

இப்போது தடவும் விஷயம். வெட்கப்படாமல் படி.

கையைக் கழுவு. சுண்டுவிரலோ ஆள்காட்டி விரலோ, கிளவுஸ் போட்டுக்கொள். மெல்லிய பிளாஸ்டிக் கிளவுஸ் போதும், நம் கடையிலேயே பாக்கெட்டாக வைத்திருப்போம். வெறும் விரலில் எடுத்தால் விரல் தோல் வழியாகவும் மருந்து உள்ளே போகும். ஒரு அம்மா வீட்டுக்காரருக்குத் தடவிவிட்டு, மறுநாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து, "மருந்து அவருக்கு, மண்டையிடி எனக்கா?" என்று சண்டைக்கே வந்தார். கிளவுஸ் கொடுத்து அனுப்பினேன். அதன்பிறகு மண்டையிடி அவருடைய வீட்டுக்காரருக்கு மட்டும்தான்.

அளவு டாக்டர் சொன்னதுதான். 0.4 சதவீத வகை என்றால் 2.5 சென்டிமீட்டர் நீளக் கோடாகப் பிதுக்க வேண்டும், அதில் 1.5 மில்லிகிராம் மருந்து இருக்கும். உனக்குக் கொடுத்திருப்பது 0.2 என்று எழுதியிருக்கிறாய், அதற்கு அவர் காட்டிய அளவை வைத்துக்கொள். விரலை முதல் கணு வரை மட்டும் மெதுவாக விட்டு, விளிம்பைச் சுற்றித் தடவு. அதற்குமேல் உள்ளே தள்ளாதே, டியூப் மூக்கையும் சொருகாதே. வலியில் விரலே போகவில்லை என்றால் வெளி விளிம்பில் தடவினால் போதும். பிறகு கிளவுஸைக் கழற்றிக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு ரெண்டு பங்காகத் தடவாதே. அதிகம் தடவினால் சீக்கிரம் ஆறாது, தலைவலிதான் கூடும்.

தலைவலிக்கு வருகிறேன், நீ பாதியில் நிறுத்தியதே அதனால்தானே. பத்தில் மூன்று பேருக்காவது வரும். தடவிய அரை மணி நேரத்துக்குள் பொட்டு ரெண்டும் விண்ணென்று தெறிக்கும். மருந்து உள்ளே போகிறது என்பதற்கு அது அடையாளம், புது நோய் இல்லை. இந்தப் பொருளை 1847இல் முதன்முதலாகத் தயாரித்த இத்தாலிக்காரர் அஸ்கானியோ சொப்ரேரோ, துளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலைவலியில் தவித்தார். பிறகு ஆல்பிரட் நோபல் இதை டைனமைட் ஆக்கினார். அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கு ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினால் மண்டை பிளக்குமாம், வாரம் போகப் போகக் குறைந்துவிடுமாம். உடம்பு பழகிக்கொள்கிறது. நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதயநோய்க்கு இதே நைட்ரோகிளிசரினை டாக்டர்கள் எழுதிக் கொடுத்தார்கள். நீ சின்ன வயசில் கிணற்றுக்கு வெடி வைப்பதை வேடிக்கை பார்க்க ஓடுவாயே, ஞாபகமிருக்கிறதா?

தடவுவதற்குக் கொஞ்சம் முன்னால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேள், பெரும்பாலும் சரி என்பார். தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் படுத்திரு. நீ பிபி மாத்திரை வேறு சாப்பிடுகிறாய், படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் கிறுகிறுவென்று வரும். காலைத் தொங்கப் போட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழு. தடவிய கையோடு ஸ்கூட்டரை எடுக்காதே. மருமகன் வீட்டுக்குப் போகும்போது அவர் பாட்டிலைத் திறப்பாரே, இந்தக் களிம்பு முடியும்வரை அது வேண்டாம். மது இதன் வேகத்தைக் கூட்டிவிடும். மயக்கம் போட்டு விழுந்தாலோ, நெஞ்சு பாரமாக இருந்தாலோ எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிராதே, ஆஸ்பத்திரிக்குப் போ.

தலைவலி தாங்கவே முடியவில்லை என்றால் டாக்டரிடம் போய்ச் சொல். டில்டியாசெம் 2 சதவீத ஜெல் இருக்கிறது, அதுவும் தசையைத் தளர்த்துவதுதான், தலைவலி குறைவு. சிலருக்கு அரிப்பு வரும். நிஃபெடிபின் கலந்த கிரீமும் உண்டு. ஆனால் ஒன்று, வாங்கும்போது டியூபில் உள்ள மருந்தின் பெயரைப் படித்துப் பார். மரத்துப் போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லியிலும் 2 சதவீதம் என்றுதான் போட்டிருக்கும். 'ரெண்டு பர்சன்ட் ஜெல்' என்று வாயால் கேட்டால் கூட்ட நேரத்தில் எது வரும் என்று சொல்ல முடியாது. உன் நைட்ரோகிளிசரினோ 0.2. இதே மருந்து நெஞ்சுவலிக்கு மார்பில் தடவ 2 சதவீதத்தில் இருக்கிறது. ஒரு புள்ளி விட்டுப்போனால் பத்து மடங்கு. சீட்டையே நீட்டு, வாயால் சொல்லாதே.

உன் மைத்துனர் கொடுத்த அந்தப் பழைய டியூபைத் தூக்கிப் போடு. நீ எழுதிய பெயரைப் பார்த்தால் அது ஸ்டீராய்டும் மரப்பு மருந்தும் கலந்த மூலக்களிம்பு. ஒரு வாரத்துக்கு மேல் டாக்டர் சொல்லாமல் தடவவே கூடாது, தோல் மெலிந்துவிடும். மெலிந்த தோல் இன்னும் சுலபமாகக் கிழியும். அவருக்கு நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை.

நம்பிக்கையையும் அளவாக வைத்துக்கொள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கில் நைட்ரோகிளிசரின் தடவியவர்களில் நூற்றுக்கு 49 பேருக்கு ஆறியது, மருந்து கலக்காத வெறும் களிம்பு தடவியவர்களிலேயே 36 பேருக்கு ஆறியது. ஆறியவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வந்தது. அந்த 36 பேர் கணக்கை யோசித்துப் பார். வெந்நீரும் நார்ச்சத்தும் இளகிய மலமும்தான் அந்த வேலையைச் செய்திருக்கும். ஆகவே களிம்பைத் தடவிவிட்டுப் பரோட்டா சாப்பிட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ராத்திரி இசப்கோல் ஒரு ஸ்பூன், பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கியவுடன் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். கீரை, கொய்யா, வாழைத்தண்டு, கம்பங்கூழ், உனக்குப் பிடிக்காததெல்லாம் சாப்பிடு. மோஷன் போனதும் அகலமான டப்பில் இளஞ்சூட்டு நீர் ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார். அதில் டெட்டாலும் வேண்டாம், உப்பும் தேவையில்லை. டாய்லெட்டுக்குள் போனை எடுத்துப் போகாதே. நீ அதில் என்ன செய்கிறாய் என்று குரூப்பில் வரும் குட்மார்னிங்கைப் பார்த்தாலே தெரிகிறது.

வலி குறைந்தவுடன் டியூபை மூடி வைத்துவிடாதே. டாக்டர் சொன்ன வாரக்கணக்கு முடியட்டும், பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் வரை போகும். திறந்த தேதியை டியூப் மேலேயே எழுதி வை, மூடியை இறுக்கமாகத் திருகி, பிள்ளைகளுக்கு எட்டாத, வெயில் படாத அலமாரியில் வை. மீந்ததை இன்னொருவருக்குத் தானம் செய்யாதே.

எட்டு வாரம் ஆகியும் ஆறவில்லை என்றால் சர்ஜனைப் பார். அந்தத் தசையில் சின்னதாக ஒரு வெட்டு, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது. சிலருக்குக் காற்றை அடக்குவதில் கொஞ்சம் சிரமம் வரலாம், அதனால்தான் அதை முதலிலேயே செய்வதில்லை. அப்புறம், நமக்கு அறுபது தாண்டிவிட்டது. ரத்தம் வருகிறது என்றால் வெடிப்பு என்று நாமே முடிவு கட்டிக்கொள்ளக் கூடாது. ரத்தம் கறுப்பாகவோ மலத்தோடு கலந்தோ வந்தால், எடை குறைந்தால், சீழோ காய்ச்சலோ இருந்தால் குடலையும் சேர்த்துப் பார்க்கச் சொல். உன் டாக்டர் விரல் வைத்தாவது, கண்ணால் பார்த்தாவது பரிசோதித்தாரா, கேட்டுவிட்டு எழுதிக் கொடுத்தாரா என்று நீ எழுதவில்லை. அதையும் எழுது.

இங்கே விசேஷம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நம் செகண்ட் ஷோ தியேட்டரை இடித்து மண்டபம் கட்டுகிறார்கள். ஆவணியில் பேத்திக்குக் காதுகுத்து, குலதெய்வம் கோயிலில். நீ கண்டிப்பாக வர வேண்டும். உட்கார்ந்து வர முடியாது என்றால் ஸ்லீப்பரில் கீழ் பெர்த் போடு, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். அதற்குமுன் அந்தப் புராஸ்டேட் மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. எனக்கு மட்டும் அனுப்பு, குரூப்பில் போட்டுவிடாதே.

அன்புடன்,
உன் சுந்தரம்