மடத்துத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த குடிமக்களுக்கும் சபை அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

அம்பாள் அருளால், தெற்கு வீதியிலுள்ள பழைய மடத்தைப் பின்னேரப் படிப்பு மண்டபமாக்கும் திருப்பணி நிறைவேறியது. ஓடு மாற்றி, தளத்துக்குச் சீமெந்து பூசி, யன்னல்களைப் புதிதாகப் போட்டோம். பெண் பிள்ளைகளுக்குத் தனி மலசலகூடமும் கட்டியாயிற்று. மேசன் வேலை போக மற்றதெல்லாம் ஊர் இளைஞரின் சிரமதானம். கணக்கும் பற்றுச்சீட்டுகளும் ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன. எவரும் வந்து பார்க்கலாம்.

கோயில் பணத்தைப் படிப்புக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று பொதுக்கூட்டத்தில் சிலர் கேட்டார்கள். அவர்கள் பத்தாம் தரத் தம்பி ஒருவரின் கணிதக் கொப்பியைப் பார்க்க வேண்டும். தை கடைசியில் ஒருங்கமை சமன்பாடு தொடங்கியிருக்கிறது. ஒரு கணக்கு பாதியில் நிற்கிறது. அடுத்த பக்கத்தில் பங்குனித் திகதி, பாடமும் வேறு. இடையில் நடந்தது பெரும்போக நெல் வெட்டு. தகப்பனோடு வயலுக்குப் போன பிள்ளை திரும்பி வந்தபோது படிப்பித்தது ஒன்றும் விளங்கவில்லை. எழுப்பிக் கேள்வி கேட்பார்களோ என்ற வெட்கம். கிழமைக்கு இரண்டு நாள் வராமல் விட்டவர், பிறகு அடியோடு நின்றுவிட்டார். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரையில் இடைவிலகலை நாங்கள் கண்ட விதம் இதுதான்.

2014 இல் வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் திறந்த பிறகும் பிள்ளைகள் படிப்பை விட்டு நிற்கிறார்கள் என்றால், தூரம் மட்டும் காரணமல்ல. கல்வி இலவசம்தான். சப்பாத்துக்கும் கொப்பிக்கும் பஸ்ஸுக்கும் காசு வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அதுவே பல வீடுகளில் பாரம். தாய் மத்திய கிழக்கில் இருக்க, அம்மம்மாவோடு வளரும் பிள்ளையைக் காலையில் எழுப்பி அனுப்பவும் ஆள் வேண்டும்.

அதனால் கட்டடத்தோடு வேலை முடிந்ததாகச் சபை நினைக்கவில்லை. ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் வகுப்பாசிரியர் எங்களுக்குச் சொல்வார்; மாதர் சங்கத்து அக்காமார் அன்றே வீட்டுக்குப் போவார்கள். விசாரிக்க அல்ல, விட்ட பாடத்தை மடத்தில் படிக்கலாம் என்று சொல்லத்தான். யானை வரும் பகுதி என்பதால் வகுப்பு இருட்டுமுன் முடியும். கடைசி வளவுப் பிள்ளைகளை இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

வயல் சொந்தக்காரரான போடிமாரிடமும் செங்கல் சூளைக்காரரிடமும் ஒரு விண்ணப்பம். 16 வயது வரை கல்வி கட்டாயம். அதற்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதை 2021 முதல் சட்டமும் தடுக்கிறது. வெட்டுக்கு ஆள் குறைந்தால் சபையிடம் சொல்லுங்கள், பெரியவர்களை ஒழுங்கு செய்து தருகிறோம். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூப்பிடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒன்று: சாதாரண தரப் பரீட்சையில் சித்தி தவறினாலும் 13 வருட உத்தரவாதக் கல்வியின் கீழ் தொழிற்பிரிவில் தொடர்ந்து படிக்க வழியுண்டு. விபரத்தை அதிபரிடம் கேளுங்கள்.

மடத்துக்கு இன்னும் மேசைகளும் இரண்டு மின்விசிறிகளும் தேவை. தர விரும்புவோர் ஆலய நிர்வாகப் பொறுப்பாளரான வண்ணக்கரிடம் தெரிவிக்கவும்.

ஆலய பரிபாலன சபையினர்