கும்பகோணத்துச் சித்திக்கு

அன்புள்ள சித்தி,

நலம்தானே? தம்பி நேற்று வந்தான். நீங்கள் கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவுக்கு அடியில், தீபாவளிக்கு நான் வாங்கித் தந்த, மின்னூல் படிக்கும் கிண்டில் கருவியும் இருந்தது. உறையைக்கூட நீங்கள் பிரிக்கவில்லை. “இது புத்தகமே இல்லையாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்” என்றான். போனில் பேசினால் பேச்சை மாற்றிவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். பேத்தியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு வாசிப்பு வந்ததே உங்கள் வீட்டுக் கூடத்தில்தான். அலமாரியின் கீழ்த்தட்டில் காலிகோ துணியில் முதுகு வைத்த ஐந்து வால்யூம்கள் இருக்கும். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் மறுபடியும் தொடராக வந்தபோது வாரம்தோறும் தாள்களைக் கிழித்துச் சேர்த்து, பாகம் முடிந்ததும் பைண்டிங் கடைக்குக் கொடுத்தீர்கள். அத்தியாயம் முடியும் பக்கத்தில் பாதி விளம்பரம் நிற்கும், ஒரு சமையல் குறிப்பின் கடைசி நான்கு வரி நிற்கும். அவற்றையும் விடாமல் படித்திருக்கிறேன். ஒரு வாரம் இதழ் கைக்கு வரவில்லை என்று எதிர்வீட்டில் இரவல் வாங்கி, ‘ஆற்றங்கரை முதலை’ அத்தியாயம் முழுவதையும் கோடு போட்ட நீளத் தாளில் நீல மையால் எழுதிச் சேர்த்தீர்களே, அதைப் போன்ற ஒரு காரியத்தை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. வந்தியத்தேவன் உயிருள்ள முதலை என்று நினைத்துப் பஞ்சடைத்த முதலையின் மேல் வேல் எறிவதை நான் முதன்முதலில் படித்தது உங்கள் கையெழுத்தில்தான். அந்த அரிசிலாற்றங்கரைக்கு மறுநாள் காலையில் நாமே நடந்துபோய்ப் பார்த்தோம், நினைவிருக்கிறதா?

இரவில் மொட்டை மாடியில் என்ன சண்டை! ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி பளிச்சென்று சொல்லாமல் விட்டதால், நமக்கு வருஷக்கணக்கில் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. சித்தப்பா சதிகாரன் ரவிதாஸனின் கூட்டத்தைச் சொல்வார். நீங்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டீர்கள். நந்தினிக்காக நீங்கள் வாதாடியதைக் கேட்டுத்தான், குந்தவையை மட்டும் கொண்டாடிக்கொண்டிருந்த நான் அவளையும் மனத்தில் வைத்துப் படிக்கத் தொடங்கினேன்.

பொங்கலுக்கு வந்தபோது பார்த்தேன் சித்தி. கண் அறுவை முடிந்த பிறகும் பூதக்கண்ணாடியை வரி வரியாக நகர்த்திக்கொண்டிருந்தீர்கள். கையில் வால்யூமின் கனம் வேறு. இரண்டு பக்கம் போவதற்குள் கண்ணில் நீர் கோத்து, மூடி வைத்துவிட்டீர்கள். “இனிமேல் நினைவில் இருப்பது போதும்” என்றீர்கள். போதாது. உங்களுக்குப் போதாது என்று எனக்குத் தெரியும்.

போனைப் போல இதுவும் கண்ணைக் கூசும் என்று சொல்லியிருக்கிறீர்கள். இதன் திரை அந்த வகையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் ஒரு திரவத்தில் மிதக்கின்றன. இரண்டுக்கும் எதிரெதிரான மின்னூட்டம். மின்சாரம் தூண்டும்போது எது மேலே வருகிறதோ அதுவே எழுத்தாகவும் தாளாகவும் தெரிகிறது. பக்கம் நின்றுவிட்டால் அதற்குமேல் மின்சாரம் தேவையில்லை. அதனால்தான் தினமும் சார்ஜ் போட வேண்டாம். உள்ளே இருக்கும் சின்ன விளக்கை முழுவதும் தணித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தால், வெளிச்சம் தாளில் விழுவதுபோலவே இதன் மேலும் விழும். முற்றத்தில் நல்ல வெயிலிலும் படிக்கலாம்.

தமிழ் சரியாக வராது என்று யாரோ உங்களிடம் சொன்னார்களாம். ஒரு காலத்தில் அது உண்மைதான். பழைய கருவிகளில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும். 2016 கடைசியில் அமேசான் தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கியது. இப்போது எழுத்து ஒழுங்காகவே வருகிறது. எழுத்தைப் பெரிதாக்கும்போது ஒரு தொல்லை உண்டு. நம் சொற்கள் நீளம். ஒரு வரியில் மூன்று சொல்தான் நிற்கும். இரண்டு ஓரத்தையும் சமமாக்குவதற்காகக் கருவி அவற்றை இழுத்துப் பரப்பும், நடுவில் சந்து விழும். இடது ஓரத்தை மட்டும் நேராக வைத்துவிட்டால் அது போய்விடும். அப்படியே வைத்துவிட்டேன். உங்கள் ஆள்காட்டி விரல் நுனி அளவுக்கு எழுத்து தெரிகிறது.

கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது, காசு கொடுக்க வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் நம் நூல்களை ஏற்றிவருகிறார்கள். இந்த நாவலும் அதில் இருக்கிறது. நீல மையில் நீங்கள் செய்ததைத்தான் அவர்கள் கணினியில் செய்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் கிடைக்கும் பிரதிகள் சிலவற்றில் ‘ர’ வர வேண்டிய இடத்தில் கால் நிற்கிறது. அவற்றை நான் ஏற்றவில்லை.

ஒரு குறையை மறைக்க மாட்டேன். மீதி எவ்வளவு இருக்கிறது என்பதைக் கை அறியாது. நாலாம் பாகத்தில் 46 அத்தியாயம், ஐந்தாம் பாகத்தில் 91. கடைசி வால்யூமின் தடிமனைத் தடவிப் பார்த்து, “இன்னும் இவ்வளவு இருக்கிறது” என்று நாம் சந்தோஷப்பட்டது இதில் கிடைக்காது. ஓரத்தில் சதவீதம் காட்டும், அவ்வளவுதான். உங்கள் வால்யூம்களில் இருக்கும் படங்களும் இதில் இல்லை. உங்கள் வால்யூம்களுக்கு இது ஈடு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கண் தொந்தரவு இல்லாமல் நீங்கள் மறுபடி வந்தியத்தேவனோடு வீராணம் ஏரிக்கரையில் குதிரையேற வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தையல் விட்டுப்போன முதல் வால்யூமைச் சரிசெய்ய நான் எடுத்துவந்தேன் அல்லவா? நேற்றிரவு கிண்டிலில் முதலை அத்தியாயத்தைத் திறந்து, பக்கத்தில் உங்கள் தாள்களை விரித்து, வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒரு சொல்கூட விடவில்லை நீங்கள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு வரியை இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். நடுவில் அடுப்பைப் பார்க்க எழுந்து போயிருப்பீர்கள். அந்த வரியில் கை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வால்யூம், கிண்டில் இரண்டையும் கொண்டுவருகிறேன். முதல் அத்தியாயம் ‘ஆடித் திருநாள்’ திறந்தே இருக்கும். கண்ணாடியைத் துடைத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்