நேரசூசியில் ‘பௌதிகவியல்’ என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்கட்கு,

உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரே பேச்சு: “பிள்ளை மேசையிலதான் இருக்கு, ஆனா ஒண்டும் படிக்குதில்லை.” சோம்பல் என்று பெயர் வைத்து ஏசுகிறோம். ஆனால் அந்த மேசையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ரியூட்டுகள் ஒழுங்காக அடுக்கிக் கோவையில் போடப்பட்டிருக்கும். பழைய குறிப்பு புதிய கொப்பியில் வடிவாக எழுதப்பட்டிருக்கும். ஞாயிறு பாதி நாள் இருந்து நாலு நிறப் பேனையால் கீறிய நேரசூசி சுவரில் ஒட்டியிருக்கும். சோம்பேறி இவ்வளவு வேலை செய்யமாட்டான். தொடப்படாமல் கிடப்பது வினாத்தாள் ஒன்றுதான். புள்ளி குறைந்துவிடுமோ என்ற பயம் அதில்தான் இருக்கிறது. ஏச்சு அந்தப் பயத்தைக் கூட்ட, பிள்ளை இன்னும் தள்ளிப்போடுகிறது.

இதில் நேரசூசியின் பங்கும் பெரியது. ‘காலை 5 – 7 பௌதிகவியல்’ என்று எழுதினால், எந்த அலகு, எந்த ஆண்டுத் தாள், எத்தனை வினா என்பதை விடிய ஐந்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பிள்ளை தீர்மானிக்கவேண்டும். தீர்மானிக்க முன்னம் கை போனுக்குப் போய்விடும். அதற்குப் பதில் ‘2017, பகுதி I, வினா 1 – 10, 24 நிமிடம்’ என்று எழுதட்டும். 24 என்பது பரீட்சையின் கணக்கே. பௌதிகவியலிலும் இரசாயனவியலிலும் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம். பத்து வினாவுக்கு 24 நிமிடம் வருகிறது. பகுதி II இல் 8 வினாவுக்கு 3 மணித்தியாலம். ஒன்றுக்கு 22 நிமிடமளவு. இணைந்த கணிதம் வேறு மாதிரி: பகுதி ஆ வினா ஒன்றுக்கு 25 நிமிடமாவது ஒதுக்கவேண்டும். எதுவானாலும் அரை மணிக்குள் தொடங்கி முடிக்கக்கூடிய துண்டுதான். ஒரு முழுத்தாள் என்றால் மலைக்கிற பிள்ளை பத்து வினாவுக்கு இருக்கும்.

முதற் கிழமையில் அந்தப் பத்து வினாவுக்கு 40 நிமிடம் பிடிக்கும். பிடித்த நேரத்தைத் தாளின் மூலையில் குறித்து வைத்து, அடுத்த நாள் திட்டத்தை அந்த 40 ஐ வைத்தே போடவேண்டும். வேலைக்குப் பிடிக்கும் நேரத்தை மனிதர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் டானியல் கானமனும் ஆமொஸ் ட்வெர்ஸ்கியும் 1979 இலேயே எழுதினார்கள். எங்கள் பிள்ளைகளின் நேரசூசிகள் செவ்வாய்க்கிழமைக்குள் குழம்புவதும் இதனால்தான். ரியூசன் உள்ள நாளில் நாலு துண்டு, இல்லாத நாளில் எட்டு. அதற்கு மேல் எழுதவே வேண்டாம். ஒவ்வொரு துண்டின் பின்னும் புள்ளித்திட்டத்தைப் பார்த்துத் திருத்தப் பத்து நிமிடம் வேண்டும். பிழைத்த வினாவுக்குப் பக்கத்தில் ஏன் பிழைத்தது என்று ஒரு வரி: ‘அலகு மாற்றவில்லை’, ‘வினாவை வாசிக்கவில்லை’. குறிப்பைத் திருப்பித் திருப்பி வாசிப்பதைவிட இந்த ஒரு வரி பயன் தரும். குறிப்புக் கொப்பியைத் திறக்கவேண்டிய இடத்தையும் அதுவே காட்டிவிடும்.

தொடங்கும் கணத்தை முதல்நாள் இரவே ஆயத்தம் செய்யலாம். படுக்கப் போக முன்னர் நாளைய தாளை, செய்யவேண்டிய வினா மேலே தெரிய மடித்து மேசையின் நடுவில் வைத்து, மேலே பேனையை வைக்கவேண்டும். மற்றக் கொப்பிகள் எல்லாம் அலுமாரிக்குள். தொடக்கத்தை நாளாந்தப் பழக்கம் ஒன்றோடு கட்டிவிடுவதும் நல்லது: ‘தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவி வைத்ததும் முதல் வினா.’ எப்போது, எங்கே, எதன் பின் என்று குறித்துவைத்த வேலை நிறைவேறும் வாய்ப்புக் கூட என்று உளவியலாளர் பீற்றர் கொல்விற்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

நேரம் பார்க்கப் போன் வேண்டாம். மணி அடித்தால் நிறுத்தப் போனைத் தொடவேண்டும், தொட்டால் வட்ஸ்அப் திறக்கும், ஐந்து நிமிட ஓய்வு முக்கால் மணியாகும். ஒரு சாதாரண மேசை மணிக்கூடு போதும். போன் குசினியில் இருக்கட்டும். ஓய்வென்றால் எழும்பிக் கிணற்றடி வரை நடந்து, தண்ணீர் குடித்து வருவதுதான்.

நாள் தவறத்தான் செய்யும். நல்லூர்த் திருவிழா 25 நாள். ‘கொடி இறங்கட்டும்’ என்று முழுவதையும் ஒத்திவைக்கிற பிள்ளைக்கு மீளத் தொடங்குவது பெரும்பாடு. அந்த நாட்களில் நாளுக்கு ஒரு துண்டாவது நடக்கட்டும். தவறிய நாளின் வேலையை அடுத்த நாளின் தலையில் ஏற்றக்கூடாது. கடன் ஏறினால் மேசைக்கு வரவே பயமாகும். குறுக்காக ஒரு கோடு கீறிவிட்டு இன்றைய துண்டுக்குப் போகவேண்டும். கனடாவில் முதலாம் ஆண்டுப் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முதற் பரீட்சைக்குப் படிக்கப் பிந்தியதற்காகத் தம்மைத் தாமே மன்னித்தவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே பிந்தினார்கள். பெற்றோர் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். “எத்தனை மணித்தியாலம் படிச்சனி?” என்று கேளாமல் “இண்டைக்கு எந்தப் பத்துக் கேள்வி செய்தனி?” என்று கேளுங்கள்.

ரியூசன் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘அடுத்த கிழமை முழுத்தாளும் செய்து கொண்டு வா’ என்றால் அது வகுப்புக்கு முதல்நாள் இரவு அவசரத்தில் செய்யப்படும், அல்லது பார்த்தெழுதப்படும். டான் ஏரியலியும் கிளவுஸ் வேர்ட்டன்புரொக்கும் 2002 இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று பிரதிகளைத் திருத்தும் வேலைக்குக் கிழமைக்கு ஒன்று எனத் தவணை வைத்தவர்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே தவணை பெற்றவர்களைவிடக் கூடுதல் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். ஐம்பது வினாவை ஐந்து நாளுக்குப் பிரித்து, நாளுக்குப் பத்தாகத் திகதியிட்டுக் கொடுத்தால் ஆசிரியருக்கு மேலதிக வேலை எதுவுமில்லை.

தங்கள் பத்திரிகை மாதிரி வினாத்தாள்களை வெளியிடும்போது ஒவ்வொரு பத்து வினாவின் கீழும் ஒரு கோடு கீறி, ‘24 நிமிடம்’ என்றும் ‘உமக்குப் பிடித்த நேரம்: ......’ என்றும் அச்சிட்டால் நேரசூசி கீறத் தெரியாத பிள்ளையும் அந்த இடத்திலிருந்தே தொடங்கும். விடைகளை அதே பக்கத்தில் போடாமல் மறுநாள் இதழில் போடுங்கள்.

உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் இருவர்,
கோண்டாவில்.