என்ன முறை?

உரும்பிராய்,
கார்த்திகை, விடாத மழை.

அன்புள்ள மச்சான்,

ரெண்டு வருசமாக் கடிதம் போடாததுக்குக் கோவிக்காதை. கொக்காவின்ர முழங்கால் இப்ப எப்பிடி? இங்க வெங்காயத்துக்குள்ள வெள்ளம் நிக்குது. மற்றும்படி சுகம்.

விசயத்துக்கு வாறன். நான் திரும்பவும் எழுதத் தொடங்கியிட்டன். 1981 இல யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச பிறகு ஒரு வரியும் எழுதேல்லை எண்டு உனக்குத்தான் தெரியும். 97,000 புத்தகம் சாம்பலாப் போன ஊரில என்ர கவிதை என்னத்துக்கு எண்டு கொப்பியைக் கிணத்துக்குள்ள எறிஞ்சன். நீ இறங்கி எடுத்தாய். அது இன்னும் உன்னட்டைக் கிடக்கோ? கிடந்தா அனுப்பு. ஒராளுக்குக் காட்டவேணும்.

ஓம், ஒராள். கோண்டாவில். தாதியா இருந்து பென்சன் எடுத்தவ, அவவும் துணையை இழந்தவ. திரும்பக் கட்டின அதே நூலகத்திலதான் கண்டனான். குறுந்தொகையை விரிச்சு வைச்சுக்கொண்டு, “மாஸ்ரர், இந்த ‘ஞாய்’ எண்டா என்ன?” எண்டு கேட்டா. “உன்ர தாய்” எண்டன். பூட்டுற நேரம் மட்டும் கதைச்சம்.

அந்த 40 ஆம் பாட்டை 30 வருசம் படிப்பிச்சனான், மச்சான். செம்புலப் பெயல்நீருக்கு எங்கட தோட்டத்து மண்ணைக் காட்டினாப் போதும், பிள்ளையளுக்கு விளங்கியிடும். முதல் வரியை மட்டும் சும்மா கடந்து போயிருக்கிறன். என் தாயும் உன் தாயும் ஆருக்கு ஆர் எண்டு இளசுகள் கேக்கலாம். எங்கட தாய்மார் எப்பவோ போய்ச் சேந்திட்டினம். 65 வயதில அந்தக் கேள்வி பிள்ளையளைப் பற்றினதல்லோ! அண்டிரவு நித்திரை வரேல்லை. எழும்பி எழுதினன்:

உன் மகனுக்கு என் மகள் என்ன முறை?
படலையில் நின்று கேட்கிறது ஊர்.
நீ கிணற்றடியில் கை அலம்புகிறாய்.
வாய்க்காலில் இறங்குமுன்னே
சிவந்துவிட்டது நீர்.

“இறங்குமுன்னே” சரியோ? ஒளிக்காமல் எழுது. என்ர வரியை நீ ஒருநாளும் சும்மா விட்டதில்லை.

அவவின்ர மகன் ஓமெண்டிட்டான். லண்டனில இருக்கிற என்ர மூத்தவள்தான், “அம்மாவின்ர படத்துக்கு இனி ஆர் விளக்கு வைக்கிறது?” எண்டு கேட்டிட்டு போனை வைச்சிட்டாள். நெஞ்சு அடைச்சுப் போச்சு. வெள்ளிக்கு வெள்ளி நான்தான் வைக்கிறன். போன வெள்ளி திரியை இவ திரிச்சுத் தந்தா. இதை நான் சொன்னா அவள் கேக்கமாட்டாள். மாமா சொன்னாக் கேப்பாள், உன்ர தோளில வளந்தவள். ஞாயிறு அவளுக்கு லீவு. எடுத்துக் கதை.

உன்ர வாங்குக் கூட்டாளி