நம்பிக்கை போன பின்னும் ரத்தம் கொடுக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் நம்பிக்கை போய்விட்டது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை என்று எழுதியிருந்தாய். "மேலே யாரும் இல்லையென்றால் இதை நல்லது என்று சொல்ல என்ன ஆதாரம்? வெறும் பழக்கம்தானே?" என்று கேட்டாய். சும்மா ஆறுதல் சொல்லி மூடிவிடக் கூடாத கேள்வி இது.

நாத்திகர் ஒழுக்கமாக வாழ முடியுமா என்பதை விட்டுவிடு, கண்ணெதிரே வாழ்கிறார்கள். வேத நூல் படிக்காமல் நல்லது கெட்டது தெரியவருமா என்பதும் வேறு கேள்வி. நீ கேட்பது, நல்லதை நல்லதாக்குவது எது என்று. ஊரே ஒப்புக்கொள்ளாவிட்டாலும் மாறாமல் நிற்பதைத்தான் புறவயமான நன்மை என்கிறோம். அடிமை முறையை எல்லோரும் சரியென்று நம்பிய காலத்திலும் அது தவறாகத்தான் இருந்தது என்று நீ சொன்னால், புறவயமான நன்மையை ஏற்றுக்கொண்டுவிட்டாய். இந்த விஷயத்தில் பாதிச் சண்டை, மூன்று கேள்விகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது.

கடவுள் பக்கத்து வாதம் மூன்றே வரிதான். கடவுள் இல்லையேல் புறவயமான நன்மை இல்லை. புறவயமான நன்மை உண்டு. ஆகவே கடவுள் உண்டு. வாதத்தின் அமைப்பில் குறை சொல்ல முடியாது. இரண்டாம் வரியை நானும் நம்புகிறேன். ஓட்டை முதல் வரியில் இருக்கிறது.

அதைத் தொட்டுக் காட்டியவர் கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோ. அவர் எழுதிய ஓர் உரையாடலில், கி.மு. 399இல், ஏதென்ஸ் நீதிமன்ற வாசலில் யூதிஃப்ரோ என்பவர் சாக்ரடீஸைச் சந்திக்கிறார். பெற்ற தகப்பன் மேலேயே கொலை வழக்குப் போட வந்தவர். நாக்சோஸ் தீவில் அவர்கள் நிலத்தில் வேலை பார்த்த கூலியாள், குடிவெறியில் வீட்டு அடிமை ஒருவனைக் கொன்றுவிட்டான். தகப்பன் அவனைக் கைகால் கட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று சமயநெறி சொல்பவரிடம் கேட்டுவர ஏதென்ஸுக்கு ஆள் அனுப்பினார். ஆள் திரும்புவதற்குள் பசியும் குளிரும் கட்டுகளும் அவனைக் கொன்றுவிட்டன.

சாக்ரடீஸ் கேட்டது இதுதான்: புனிதமானது என்பதால் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா, தெய்வங்கள் விரும்புவதால் அது புனிதமாகிறதா? நன்மைக்கும் இதே கேள்வி பொருந்தும். கடவுள் சொன்னதால்தான் நல்லது என்றால், அவர் கொடுமையைச் சொல்லியிருந்தால் கொடுமையும் நல்லதாகியிருக்கும். 'கடவுள் நல்லவர்' என்ற வாக்கியமும் 'கடவுள் தம் விருப்பப்படி நடப்பவர்' என்று சுருங்கிப்போகும். நல்லது என்பதால் அவர் சொன்னார் என்றால், சொல்வதற்கு முன்பே அது நல்லது. பள்ளத்தில் கிடந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீரும் ஒரு போர்வையும் கொடுக்கக் காரணம் அங்கேயே கிடந்தது. ஏதென்ஸிலிருந்து அதை யாரும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் வழி உண்டு என்பார்கள்: நன்மை கடவுளின் கட்டளையில் இல்லை, அவருடைய இயல்பிலேயே இருக்கிறது. கிறிஸ்தவத் தத்துவ அறிஞர் வில்லியம் ஆல்ஸ்டன் இதற்குப் பாரிஸ் மீட்டர் கோலை, ஒரு மீட்டர் என்பது இவ்வளவு என்று உலகுக்கே அளவாக வைத்த உலோகக் கோலை, உவமை சொன்னார். அந்தக் கோல் ஏன் ஒரு மீட்டர் என்று கேட்க முடியாது, அதுவே அளவுகோல். கடவுளும் நன்மைக்கு அப்படித்தான். நல்ல வாதம் இது, அதனால் கோலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். 90 விழுக்காடு பிளாட்டினம், 10 விழுக்காடு இரிடியம். 1889 முதல் 1960 வரை அதுதான் மீட்டர், அதுவும் பனிக்கட்டி உருகும் வெப்பநிலையில் இருக்கும்போது மட்டும். சூட்டில் கோல் நீளும் என்பது செய்தவர்களுக்கே தெரியும். நீளம் என்பது கோலைச் சாராமல் இருந்தால்தான் 'கோல் நீண்டுவிட்டது' என்றே சொல்ல முடியும். கோல் தந்தது அலகை மட்டும். கடவுளின் இயல்பு ஏன் நல்லது என்று கேட்டால் அன்பு, நீதி, கருணை என்று பதில் வருகிறது; அப்படியானால் பாரத்தைச் சுமப்பவை அவைதான்.

ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் போன்ற ஆழ்ந்த கிறிஸ்தவத் தத்துவ அறிஞரே, அடிப்படை அற உண்மைகள் கடவுள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாறாதவை என்கிறார். ஆகவே முதல் வரியை மறுப்பதற்கு நாத்திகராக இருக்க வேண்டியதில்லை.

நம் பக்கத்திலும் கடினமான இடங்கள் உண்டு. அப்படி ஓர் அற உண்மை எங்கே இருக்கிறது, உலகில் வேறெதைப் போலவும் இல்லாத விசித்திரப் பொருளாக அல்லவா இருக்கும் என்று நாத்திகத் தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி 1977இல் கேட்டார். 17 பகா எண் என்பதும் எந்த இடத்திலும் இல்லை, ஆனாலும் உண்மை என்று பதில் சொல்லலாம். ஆனால் எண் நம்மை எதையும் செய்யச் சொல்வதில்லை, அறம் சொல்கிறது; இந்த வேறுபாட்டை மழுப்பக் கூடாது. ஒருவன் வலியில் துடிப்பதே உதவக் காரணமாகிறது, அதற்குமேல் ஆணை போடுபவர் தேவையில்லை என்பது என் நிலை. இதைவிடக் கடினமானது தத்துவ அறிஞர் ஷேரன் ஸ்ட்ரீட் 2006இல் வைத்த வாதம்: நம் அற உணர்வை வடித்தது உயிர் பிழைக்கும் போட்டி, அது உண்மையைத் தொட்டிருக்கும் என்று எப்படி நம்புவது? உண்மையைத் தொடும்படி கடவுளே அந்த உணர்வை அமைத்தார் என்று இந்த இடத்தில் ஆத்திகருக்கு எளிய பதில் கிடைக்கிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நன்மையை நாம் அறிவது பற்றிய சிக்கல். நன்மை கடவுளைச் சார்ந்திருக்கிறது என்று அதிலிருந்து வராது.

கடவுள் வாழ்த்தோடு தொடங்கும் திருக்குறள், 1062ஆம் குறளில் என்ன செய்கிறது பார்: "இரந்தும் உயிர்வாழ்தல் வேண்டின் பரந்து கெடுக உலகியற்றி யான்." பிச்சை எடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால், உலகைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும். உலகியற்றியான் என்பதற்கு அரசன் என்று பொருள் சொல்வோரும் உண்டு. படைத்தவன் என்பதே எனக்கு நேராகப் படுகிறது. படைத்தவனையே நிறுத்தி வைத்துக் கேட்க ஓர் அளவு வேண்டும், அந்த அளவு படைத்தவனிடம் இரவல் வாங்கியதாக இருக்க முடியாது. 222ஆம் குறள் இன்னும் வெளிப்படை: "மேலுலகம் இல்லெனினும் ஈதலே நன்று."

நீ ஒருமுறை கொடுப்பது 350 மில்லி. கடுமையான தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். நீ நம்பிக்கையோடு இருந்தபோதும் அந்தக் குழந்தைக்கு இதே கணக்குத்தான்.

அன்புடன்,
உன் அண்ணன்