தட்டில் மிச்சமில்லை: ஒரு நன்றி மடல்

எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் சத்துணவுக் கூடத்திலும் பக்கத்து அங்கன்வாடியிலும் உழைப்பவர்களுக்கும், அவர்களுக்குத் தோள் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும்,

வணக்கம். என் இளைய மகள் இந்த ஆண்டு எட்டாம் வகுப்பை முடிக்கிறாள். அவளோடு சேர்ந்து பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்ற என் பொறுப்பும் முடிகிறது. கடைசிக் கூட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். அந்தச் சால்வைக்கு உரியவர்கள் வேறு சிலர். அவர்களில் பாதிப் பேர் அந்த நேரத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததால் கூட்டத்துக்கே வரவில்லை. பெயர் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்பது ஊருக்குத் தெரியும்.

முதல் நன்றி சமையலர் அக்காவுக்கு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் காய்கறி, ஆறு முதல் எட்டு வரை 75 கிராம் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. காயை வாங்கலாம், நறுக்கலாம், சாம்பாரில் போடலாம். அது பிள்ளையின் வயிற்றுக்குள் போக வேண்டுமே! அதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் வழி எழுதியிருக்கவில்லை. அக்கா கண்டுபிடித்தார்.

சாப்பாடு முடிந்ததும் அவர் கைகழுவும் குழாயடிக்குப் போய் நிற்பார். பிள்ளைகள் தட்டோடு வரும்போது ஒவ்வொரு தட்டிலும் எது ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார். யாரையும் திட்டமாட்டார். சின்னப் பிள்ளைகள் பெரிய துண்டுக் கேரட்டையும் பீன்ஸையும் தட்டின் ஓரத்தில் தள்ளிவைக்கிறார்கள், பெரிய வகுப்புப் பையன்கள் கீரையைத் தொடுவதே இல்லை என்பது அவருக்குச் சில வாரங்களில் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு கேரட் துவரம்பருப்பு அளவுக்குப் பொடியானது. முருங்கைக்கீரை பருப்போடு சேர்ந்து வெந்து, மத்தால் கடையப்பட்டுச் சாம்பாருக்குள் மறைந்தது. மஞ்சள் பூசணி குழைந்து குழம்புக்குக் கெட்டித்தன்மை கொடுத்தது. புதன்கிழமை தக்காளி சாதத்தில் பீட்ரூட் துருவல் இருக்கிறது என்று என் மகளுக்கு ஒரு வருடம் தெரியாது. இப்போது குழாயடியில் வந்து விழும் மிச்சம் கறிவேப்பிலையும் மிளகாயும்தான்.

முட்டை விஷயத்திலும் அக்காவின் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். வந்த முட்டைகளை வாளித் தண்ணீரில் போடுவார். அடியில் படுப்பது அடுப்புக்குப் போகும். மிதப்பது குழிக்குப் போகும். எத்தனை மிதந்தது என்பது பதிவேட்டில் ஏறும். உதவியாளர் சகோதரி வெந்த முட்டையை உரிக்கும் வேகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மிளகு முட்டை நாளில் அத்தனை முட்டையையும் ஓட்டுச் சில்லு ஒன்றுகூட ஒட்டாமல் உரித்துக் கொடுப்பவர் அவர்.

அமைப்பாளர் அம்மாவுக்கு நான் பட்ட கடன் பெரியது. தராசைத் துணி போட்டு மூடி அலமாரிக்குள் வைக்காமல் மேடையிலேயே வைத்தவர் அவர். அறுபது சின்னப் பிள்ளைகள் சாப்பிடும் நாளில் பருப்பு ஒரு கிலோ இருநூறு கிராம், காய் மூன்று கிலோ என்று கரும்பலகையில் கணக்கு எழுதுவார். எந்தப் பெற்றோரும் உள்ளே வந்து படித்துப் பார்க்கலாம். சாப்பாடு பரிமாறுவதற்கு முன் ஆசிரியரும் அவரும் ருசி பார்த்துக் கையெழுத்திடுவார்கள். தக்காளி விலை எகிறிய மாதங்களில் காய்கறிக்கான தொகை போதாமல் போனது. அப்போதும் அளவைக் குறைக்காமல், வீடு வீடாகப் போய்ச் சுரைக்காயும் பூசணியும் கேட்டு வாங்கி வந்தார். ஒரு பெண் ஊரில் கூடையோடு போய்க் கேட்பது எளிதான காரியம் அல்ல.

செறிவூட்டப்பட்ட அரிசி வந்த புதிதில் எழுந்த பீதியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அரிசியில் சில மணிகள் மட்டும் நிறம் மாறித் தெரிந்தன. ஊறவைத்தால் சில மிதந்தன. ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி, பிள்ளைகளை மதியம் வீட்டுக்கு அழைத்துப்போன தாய்மார்கள் இருந்தார்கள். ரேஷன் அரிசியைப் புடைக்கும்போது பாட்டிமார்கள் அந்த மணிகளைத்தான் பொறுக்கி எறிந்தார்கள். அமைப்பாளர் அம்மாவும் கிராம சுகாதார செவிலியரும் யாரோடும் வாதம் செய்யவில்லை. வேறு மாதிரித் தெரிந்த மணிகளை மட்டும் ஒரு கைப்பிடி பொறுக்கி, எங்கள் கண்முன்னே கொதிநீரில் போட்டு வேகவைத்தார்கள். வெந்ததை ஒவ்வொருவர் கையிலும் வைத்து நசுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். சோறுபோலவே மசிந்தது. அதன் பிறகுதான் விளக்கம் சொன்னார்கள்: அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் அச்சிட்டு, நூறு மணிக்கு ஒன்று வீதம் கலந்திருக்கிறார்கள். நாம் பொறுக்கி எறிந்தது சத்தைத்தான். அடுத்த வாரமே பிள்ளைகள் பந்திக்குத் திரும்பினார்கள்.

செவிலியர் சகோதரிக்குத் தனியாக இன்னொரு நன்றி. எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு ரத்தசோகை எதனால் வருகிறது என்று அவர் பேசிய அன்று தாய்மார்கள் கூட்டத்தில் ஓர் ஈச்சத்தம் இல்லை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாகச் சேரும் என்றார். காலையில் டீயும் வர்க்கியுமாகப் பிள்ளையை அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். ‘டீயை நிறுத்துங்கள்’ என்று அவர் கட்டளை இடவில்லை. ‘சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்’ என்றார். செய்யக்கூடியதைச் சொன்னதால்தான் செய்தோம். வாரம் ஒரு நாள் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டல் வந்து, பயந்து தூக்கி எறிந்த பெண் பிள்ளைகள், இப்போது சத்துணவு சாப்பிட்டபின் வரிசையில் நின்று விழுங்குகிறார்கள்.

அறிவியல் ஆசிரியர் ஐயா, நீங்கள் சாப்பாட்டுக் கூடச் சுவரில் வரைந்த அந்தப் பெரிய தட்டுக்கு நன்றி. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டு நெறிகளைப் படித்து, பாதித் தட்டு காயும் பழமும் கீரையும் கிழங்குமாக இருக்க வேண்டும் என்பதைப் படமாக்கினீர்கள். அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் ஒரு சிறிய அறையில்தான் தொடங்கியது என்று நீங்கள் சொன்னபோது பிள்ளைகளின் முகத்தில் எத்தனை பெருமை! ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் உப்பு வேண்டாம் என்பதை உங்கள் பாணியில் ஒரு டீஸ்பூனில் அள்ளிக் காட்டினீர்கள். சட்டைப் பையில் ஊறுகாய்ப் பாக்கெட் வைத்துக்கொண்டு பந்தியில் உட்காரும் பழக்கம் அதோடு பெரும்பாலும் நின்றது.

அங்கன்வாடி டீச்சருக்கும் ஆயாம்மாவுக்கும் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. சத்துமாவைப் பாக்கெட்டாகக் கொடுத்தால் அது வீட்டில் மாட்டுக்குப் போகிறது என்பதைக் கவனித்து, தாய்மார்களை அழைத்துக் கொழுக்கட்டையும் அடையும் செய்து காட்டினீர்கள். எங்கள் பக்கம் கடலை விளையும் பூமி. கைக்குழந்தைக்குக்கூட ஊட்டத்துக்கு நல்லது என்று முழுக் கடலையைக் கொடுத்துவிடுவார்கள். அது மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து, பொடித்தோ அரைத்தோதான் கொடுக்க வேண்டும் என்று சளைக்காமல் சொல்லி வருகிறீர்கள். இளைத்துப்போயிருந்த ஒரு குழந்தையின் மேற்கையில் நீங்கள் அளவு நாடாவைச் சுற்றியதை அருகில் நின்று பார்த்தேன். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் பச்சை. அன்று மஞ்சளில் நின்றது. அந்தத் தாயைக் குறை சொல்லாமல், தினமும் காலையில் அந்தக் குழந்தையை முதல் ஆளாக மடியில் உட்காரவைத்து ஊட்டினீர்கள். பச்சைக்கு வந்த நாளில் ஆயாம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். சொல்லத்தான் வேண்டும்.

காலை உணவு சமைக்கும் சுய உதவிக் குழுச் சகோதரிகளுக்கு நன்றி. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் 2023 ஆகஸ்டில் நம் பள்ளி வரை வந்தது. அன்று முதல் விடியும் முன்பே நீங்கள் அடுப்பை மூட்டுகிறீர்கள். உப்புமாவுக்குச் சாம்பார் காயோடுதான் வர வேண்டும் என்பதில் உங்கள் பிடிவாதம் இருக்கட்டும்.

பள்ளி வாசல் கடைக்கார அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்திருக்கிறது. அதை எடுத்துக்காட்டி அவரை மிரட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கடை அவர் குடும்பத்தின் சோறு. விதியைப் படித்துக் காட்டிவிட்டு, என்ன செய்யலாம் என்று அவரிடமே கேட்டோம். ஆரஞ்சு நிறப் பாக்கெட்டுகளை இறக்கிவிட்டு அவித்த கடலை, கொய்யா, கடலை மிட்டாய் என்று மாறினார். முதல் சில மாதங்கள் வியாபாரம் படுத்தது. அவர் முணுமுணுக்கவில்லை. பிறந்தநாளுக்குச் சாக்லேட்டுக்குப் பதில் வாழைப்பழத் தார் கொடுக்கும் பழக்கத்தை ஊரில் தொடங்கிவைத்தவரும் அவர்தான்.

தோட்டத்துப் பெரியவர் தன் கொல்லையிலிருந்து வெட்டிக் கொடுத்த முருங்கைப் போத்துகள் இன்று மரங்கள். கைகழுவும் தண்ணீர் வாழைக்குப் போகும்படி அவர் வெட்டிய வாய்க்கால் எந்தப் பொறியாளரும் மெச்சத்தக்கது. களை எடுக்கும் பிள்ளைகள் தாங்கள் வளர்த்த வெண்டைக்காயைத் தட்டில் ஒதுக்குவதில்லை.

கடைசியாக, ஓய்வுபெற்ற எங்கள் பழைய சமையலர் பாட்டிக்கு. 1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கிய ஆண்டிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் அவர். விறகுப் புகையில் கண் எரிய எரியச் சமைத்தவர். அவர் சேர்ந்தபோது முட்டை கிடையாது. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. பிறகு வாரம் ஒன்று, இரண்டு, மூன்று என ஏறி 2010-இல் ஐந்தானது. ஒவ்வொரு படியையும் அவர் தன் கையால் உரித்திருக்கிறார். நான் படித்த காலத்தில் வெறும் சாம்பார் சாதத்தை அவர் பிசைந்து போட்ட வாசனையை நம்பியே பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் பலர். இன்றைக்கும் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் கேட்காமல் வந்து நிற்கிறார்.

இத்தனையும் செய்யும் சமையலரும் உதவியாளரும் இன்றும் முழுநேர அரசு ஊழியர்கள் அல்லர். முறையான காலமுறை ஊதியம் வேண்டும் என்பது அவர்கள் சங்கங்களின் நெடுநாள் கோரிக்கை. அது நியாயமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நூறு பிள்ளைகளின் உடம்பைப் பார்த்துக்கொள்பவருக்குப் பகுதிநேரச் சம்பளம் கொடுத்துவிட்டு நாம் கைதட்டுவது போதாது. எங்கள் குழு இதை ஆதரித்துத் தீர்மானம் போட்டிருக்கிறது. அடுத்த கிராம சபையிலும் கொண்டுவருவோம். அன்று எல்லோரும் வந்து கையைத் தூக்குங்கள்.

புதிய தலைவியிடம் தோட்டத்துச் சாவியையும் தீர்மானப் புத்தகத்தையும் ஒப்படைத்துவிட்டேன். கோடை விடுமுறையில் பப்பாளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். காலையில் நான் வருகிறேன். மாலைக்கு வரக்கூடியவர்கள் கடைக்கார அண்ணனிடம் பெயர் கொடுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
பள்ளி மேலாண்மைக் குழு முன்னாள் தலைவி,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்